பன்னிரண்டாம் எண் முகம்

அருங்காட்சியகத்தில் அவளுக்கு மெழுகம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் சௌக்கியமாக இருந்தது. அதை எடுத்துப் புழங்கியவர்கள் யாருமில்லை. முப்பத்தொரு வருஷமாக அவள் பார்த்த வேலை, செத்துப்போனவர்களின் முகத்தைத் தேன்மெழுகில் வரைவது. இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள். "பயப்படாதீங்க, அவங்கல்லாம் போயி ஆயிரத்தெண்ணூறு வருஷம் ஆச்சு. வந்து கதவைத் தட்ட மாட்டாங்க" என்பாள்.

விஷயம் இதுதான். எகிப்துக்காரர்களுக்கு உடம்பு முக்கியம். போனவரின் உடம்பைக் கெடாமல் பக்குவப்படுத்தி, அடுக்கடுக்காகத் துணி சுற்றிக் காப்பாற்றினால்தான் போகிற இடத்தில் அவருக்குக் கதி உண்டு என்று நம்பினார்கள். கடல் தாண்டி வந்து அங்கே குடியேறிய கிரேக்கர்களுக்கு முகம் முக்கியம். நிழலும் வெளிச்சமும் போட்டு, ஆள் எதிரே வந்து நிற்கிறாற்போல வரையத் தெரிந்தவர்கள். இரண்டு கூட்டமும் அக்கம்பக்கத்தில் குடியிருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சில நூறு வருஷத்தில் யார் எவரென்று பிரிக்க முடியாதபடி கலந்துபோனார்கள். அந்தக் கலப்பில் பிறந்தவர்கள் இரண்டு பக்கத்துச் சொத்தையும் விடவில்லை. உடம்பை எகிப்து முறைப்படி சுற்றினார்கள். முகம் இருக்கும் இடத்தில் கிரேக்கக் கைப்பழக்கத்தில் வரைந்த மெல்லிய மரப்பலகை ஒன்றை வைத்துக் கட்டினார்கள். அப்படிப்பட்ட பலகைகள் பதினான்கு, அந்த அருங்காட்சியகத்தின் ஒன்பதாம் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன.

மெழுகம்மா அவற்றுக்கு நகல் எடுப்பவள். பள்ளிக்கூடங்களுக்குப் போகும், வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போகும், கீழ்த்தளத்துக் கடையில் விற்பனைக்கும் போகும். பதினாலு பேரில் மவுசு ஒருவனுக்குத்தான். பன்னிரண்டாம் எண். இருபத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் சுருள் சுருளாக முடி, பென்சிலால் கோடு இழுத்தது போல மீசை, நம்மிடம் ஏதோ கேட்க வந்து தயங்கி நிற்கிற கண். பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் அவன் முன்னால்தான் நிற்பார்கள். அவனை மட்டும் அவள் நானூறு தடவைக்கு மேல் வரைந்திருக்கிறாள். வீட்டில் அவனுக்குச் சுருட்டை என்று பெயர்.

வீடு என்றதும் வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். அவர் அந்த ஒன்பதாம் அறையின் காவலர். முதன்முதலாக அவள் பலகையும் கையுமாக அங்கே வந்து உட்கார்ந்தபோது, அவள் கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்டவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷர். தினமும் ஒரே வசனம்தான்: "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கண்ணாடியில மூச்சு படுது." நாலு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காலையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னிக்கு வேணும்னா கிட்டயே உக்காந்துக்குங்க" என்றார். வேறு எவளாக இருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. அவளுக்குப் புரிந்தது, அடுத்த மாதம் கல்யாணம்.

அன்றிலிருந்து சுருட்டை அவர்கள் குடும்பத்தில் ஓர் ஆள். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே அவர் ஆரம்பிப்பார்: "உன் மூத்த வீட்டுக்காரன் இன்னிக்கு ரொம்ப டல்லு. மேல இருக்கிற லைட்டு ஒண்ணு போயிடுச்சு." அவளும் விடமாட்டாள். "அவர் உங்களை மாதிரியா? குறட்டை விட மாட்டாரு, துண்டை நனைச்சு கட்டில்ல போட மாட்டாரு." இதைக் கேட்டே வளர்ந்த மகள், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது, அப்பா, அம்மா, நான், சுருட்டை என்று நாலு பேரை வரைந்து வைத்தாள். ஆசிரியை கூப்பிட்டு விசாரித்தார்கள். அது ஒரு பெரிய கதை.

அவருடைய உத்தியோகத்தில் முக்கால் பங்கு, படம் எடுக்க வருகிறவர்களைத் தடுப்பது. பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் பழைய வண்ணத்துக்கு ஆகாது. யாராவது கேமராவைத் தூக்கினால் அவருடைய வலது உள்ளங்கை தானாக மேலே போகும். இருபத்தொன்பது வருஷப் பழக்கம். அதனால் வீட்டு ஆல்பத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உள்ளங்கை இருக்கும். மகளின் கல்யாணப் படத்தில்கூட, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு உள்ளங்கைதான் நிற்கிறது. எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், மெழுகம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் அவருக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. மூன்று மாதம், கூடப்போனால் நாலு. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபிறகு அவர், "பரவால்ல, ஒழுங்கா சொல்லிட்டாரு" என்றார். அவ்வளவுதான்.

மருந்து அவர் முடியைக் கொண்டுபோனது. பிறகு கன்னத்தைக் கொண்டுபோகத் தொடங்கியது. ஒரு மத்தியானம், துணி காயப்போட்டிருந்த மூன்றாம் மாடிப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"என்ன வேணும்? சுடுதண்ணியா?"

"என்னை வரையறியா?"

அவள் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஊரு பேரு தெரியாத ஒருத்தனை நானூறு தடவை வரைஞ்ச. கட்டிக்கிட்டவனை ஒரு தடவை வரைஞ்சியா?"

"நீங்க எப்பங்க கேட்டீங்க?"

"இப்பதான் கேக்கறேன். நம்ம ஒம்பதாம் ரூம்ல இருக்கறவங்க உயிரோட இருக்கும்போதே வரைஞ்சு வீட்டுல மாட்டிக்கிட்டதா சொல்லுவாங்களே, அந்த மாதிரி. போற வரைக்கும் நான் பாத்துக்கறேன். அப்புறம் நீ பாத்துக்கோ."

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர் யாரோ, நகல் எடுக்கிறவர் வீட்டை அவர் பார்த்ததில்லை. தானாக எதுவும் வளர்ந்திருக்கவில்லை. முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரின் முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட அவளிடம் இல்லை. ஆல்பத்தில் உள்ளங்கை, அடையாள அட்டையில் மங்கிப்போன ஒரு கறுப்புத் திட்டு. இருக்கிற முகத்தையும் நோய் நாளுக்குக் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அது முழுதாக முடிப்பதற்குள் அவள் பலகையில் இறக்கியாக வேண்டும். வேறு எந்த நினைப்பும் அவளுக்கு இல்லை.

மறுநாளே சமையலறை மேஜையைப் பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். மின் அடுப்பின் மேல் தகரக் கிண்ணங்களில் வண்ணப்பொடி கலந்த மெழுகு உருகியது. வெள்ளை, காவி, கறுப்பு, கொஞ்சம் சிவப்பு. அதற்கு மேல் நிறம் வேண்டியதில்லை. பலகைக்கு முதலில் இருட்டாக ஒரு பூச்சு, அதன்மேல் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போக வேண்டும். இடது கண்ணில் ஆரம்பிப்பது அவள் வழக்கம். அடுப்பிலிருந்து தூரிகையை எடுத்தால் பத்துப் பதினைந்து விநாடியில் மெழுகு இறுகிவிடும். அதற்குள் கோடு விழ வேண்டும். யோசிக்கிற கை இந்த வேலைக்கு ஆகாது. புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வதே அதுதான்.

"தலையில இருந்த முடியை நானே போட்டுக்கறேன். கன்னமும் பழைய கன்னம்தான். நீங்க முழுசா இருந்தப்ப எப்படி இருந்தீங்களோ அப்படி" என்றாள்.

"உன் இஷ்டம். ஒண்ணு ரெண்டு மச்சம் கூட வச்சு வேணும்னாலும் போடு."

மூன்று வாரம். காலையில் அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைப்பாள். ஒரு மணி நேரம், முடிகிற நாளில் ஒன்றரை. அவள் அவரைப் பார்ப்பாள், தூரிகை போகும், மறுபடி பார்ப்பாள். வலி வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் கிண்ணத்தைக் கிளறுகிற சாக்கில் காத்திருப்பாள். அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்தது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. ஒரு நாள் அவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மூச்சு படுது" என்றார். அவள் எழுந்து சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

படம் முடியும்வரை அவரிடம் காட்டவில்லை. துணி போட்டு மூடிவைத்தாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷ வேலையில் கை இவ்வளவு தயக்கமில்லாமல் ஓடியதே இல்லை. மூக்கின் பக்கத்து நிழல் ஒரே இழுப்பில் விழுந்தது. நெற்றியில் முடி தானாக வந்து உட்கார்ந்தது. கண்ணின் ஈரம் கடைசியாக வைக்கிற வெள்ளைப் பொட்டு. அதை வைத்ததும் பலகையிலிருந்து ஓர் ஆள் அவளைப் பார்த்தான். நம் கைக்குள் இவ்வளவு இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம்.

துணியை எடுத்துக் காட்டினாள். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பிடிக்கலையா?"

"நான் இவ்வளவு அழகாவா இருந்தேன்?"

"எனக்கு அப்படித்தான் தெரிஞ்சீங்க."

"அப்படின்னா சரி" என்றார். பிறகு, "கட்டிலுக்கு எதிர்ல மாட்டு. படுத்தா தெரியற மாதிரி" என்றார்.

அவளே ஆணி அடித்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லக்கூடாது. நோயாளி இருக்கிற வீட்டில் அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகப் பின்னாளில் தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் கேட்டதை ஒன்றாவது கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி. மருத்துவரால் முடியாததை, மருந்தால் முடியாததை, அவள் கை முடித்துவிட்டது. முகத்தைக் காப்பாற்றியாயிற்று. இனி உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதையும் குறையில்லாமல் பார்த்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவர் மூத்த வீட்டுக்காரன் பேச்சை எடுக்கவே இல்லை. வலியில் கேலியெல்லாம் மறந்துபோயிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

கடைசிப் பத்து நாளுக்கு, வேறு ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகள் லீவு போட்டு வந்தாள். வந்தவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுது, மூக்கைச் சிந்தி, நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "அம்மா, இது..." என்று ஆரம்பித்தாள்.

"கண்ணு, அப்பாவுக்குத் தண்ணி குடு" என்றார் அவர். மெழுகம்மா மருந்து எடுக்க உள்ளே போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். துணியை அலசிக்கொண்டு திரும்பியவளுக்கு, துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் அருங்காட்சியகத்திலிருந்து ஐந்து காவலர்கள் வந்தார்கள். பணி முடிந்து நேராக வந்ததால் சீருடையிலேயே இருந்தார்கள். முன்னறையில் இடம் போதாமல் இரண்டு பேர் நின்றார்கள். மகள் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தாள். அவருக்குப் பதிலாக ஒன்பதாம் அறைக்குப் போட்டிருந்த புதுக் காவல்காரப் பெண், உள்ளறைக் கதவு வழியாகச் சுவரைப் பார்த்துவிட்டாள். கள்ளமில்லாத பெண். தினமும் எட்டு மணி நேரம் அந்தப் பதினாலு முகத்துக்கு நடுவில் நிற்கிறவள்.

"அட, நம்ம பன்னெண்டு! சார் இதை வீட்டுலயும் மாட்டி வச்சிருந்தாரா? அவ்வளவு பிரியமா?" என்றாள். அதே மூச்சில் தொடர்ந்தாள்: "சாரோட படம் ஒண்ணும் இல்லீங்களாம்மா? ரூம்ல வைக்கலாம்னு எல்லாரும் நினைச்சோம்."

மெழுகம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கண்ணைத் திறந்துவிட்ட மாதிரி எல்லாம் தெரிந்தது. நெற்றிச் சுருள் நாற்பத்தொன்று; நானூறு தடவை போட்ட கைக்கு எண்ண வேண்டியதில்லை. கோடு போன்ற மீசை. ஏதோ கேட்க வந்து தயங்குகிற கண். சுருட்டைதான். முடியும் கன்னமும் பழையபடி போடுகிறேன் என்று சொல்லி, ஞாபகத்திலிருந்து எடுக்கப் போன இடத்திலெல்லாம் கை தனக்குத் தெரிந்த வழியிலேயே போயிருக்கிறது. மூன்று வாரம் எதிரே ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துப் பார்த்து, இன்னொருவனை வரைந்திருக்கிறாள்.

"தேடிப் பாக்கறேம்மா" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

அவர்கள் போனபிறகு டம்ளர்களைக்கூட எடுக்காமல் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"வந்த அன்னிக்கே தெரிஞ்சுதும்மா."

"அவருக்கு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த மூஞ்சிக்கு இருபத்தொம்பது வருஷம் காவல் இருந்தவரும்மா அவரு."

"ஏண்டி சொல்லல? ரெண்டு பேரும் ஏன் சொல்லல? நான் அழிச்சுட்டு மறுபடி போட்டிருப்பேனே! மெழுகுதானே, சூடு காட்டுனா கரைஞ்சு போயிடும். நாள் இருந்துச்சே!"

"அப்பா கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. 'அவ கை போற வழி அது, அதைக் குத்தம் சொல்லக் கூடாது. மூணு வாரம் உங்கம்மா என் மூஞ்சியை விட்டுக் கண்ணை எடுக்கல. இந்த வயசுல யாருக்குக் கிடைக்கும்? எனக்கு அது போதும்'னாரு."

"போதும்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அவருக்குப் போதும். எனக்கு?" என்றாள். பிறகு முன்னறையிலேயே, வந்தவர்கள் விட்டுப்போன நாற்காலிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதாள். செவ்வாய்க்கிழமை அழுததெல்லாம் ஒரு கணக்கே இல்லை. அன்று அவர் போனார். இன்று, போகும்வரைக்கும் அவர் எதிரே மாட்டியிருந்தது எது என்று தெரிந்தது. கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, ஆணி அடித்து, தலையணையை நிமிர்த்தி, "பாருங்க, பாருங்க" என்று தினமும் காட்டியிருக்கிறாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகளைத் திட்டத்தான் சொல்வார்கள் என்று இருந்தாள்.

கடையிலிருந்து பன்னிரண்டாம் எண்ணில் ஆறு நகல் வேண்டுமென்று சொல்லி அனுப்பினார்கள். முடியாது, வேறு யாரையாவது பாருங்கள் என்று பதில் போனது. அவர்கள் துக்கம் ஆறட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மெழுகம்மா மேஜையை மறுபடி கதவோரம் இழுத்தாள். புதுப் பலகை. இருட்டுப் பூச்சு. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், தன்னை நம்பாததால். தூரிகையை எடுத்தாள். இடது கண்ணுக்குப் போன கையை மகள் பிடித்து நிறுத்தினாள்.

"சரி. புருவத்துல ஒரு தழும்பு இருந்துச்சுல்ல? சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்தது. அங்கேர்ந்து ஆரம்பிக்கறேன்" என்றாள்.

"ஆமா. வலது புருவம்."

"இடதுடி."

"வலதும்மா. நான் சின்னப்புள்ளையில விரலை வச்சு வச்சுப் பாப்பேன்."

"எதிர்ல உக்காந்து பாத்திருப்ப. அப்ப அவருக்கு அது இடது."

மகள் தன் கையை மேலே தூக்கி, காற்றில் ஒரு முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை இறக்கிவிட்டாள். "தெரியலம்மா" என்றாள். மெழுகம்மாவுக்கும் நிச்சயமில்லை. மெழுகு கிண்ணத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். மூக்கு நுனி கொஞ்சம் மழுங்கியா, கூரா? உதடு? தாடையில் குழி இருந்ததா, இல்லை அது மாமாவுக்கா? மகள் சொன்னதும் அவள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன இடங்களில் சுருட்டை வந்து நின்றான்.

கடைசியில் அவள் மகளைப் பேச வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, ஒரு காதை வரைந்தாள். இடது காது. தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது பேருந்தில் அவர் ஜன்னலோரம், அவள் அவருக்கு இடப்பக்கம். நாற்பது நிமிஷம், இருபத்தைந்து வருஷம். மேல்விளிம்பில் இருக்கும் சின்ன மடிப்பு, பக்கவாட்டில் ஒட்டாமல் தொங்கும் மடல், உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு முடி. சுருட்டைக்குக் காது முடிக்குள் மறைந்திருக்கும். அங்கே கை திருடிக்கொண்டு வர ஒன்றுமில்லை. மகள் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பலகைக்குள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அதற்குமேல் என்ன வரைவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தூரிகையைப் பிடித்தபடி இருந்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.